பில் என்ட்ரிக்கு ஏஜென்ட் போடலாமா? நான்கு வழிகளை ஒத்துப்பார்த்தால்

திருப்பூரில் ஒரு நடுத்தரப் பின்னலாடை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். நூல், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், லேபிள், அட்டைப்பெட்டி என்று மாதம் சில நூறு கொள்முதல் பில்கள் வரும். பாதி மின்னஞ்சலில் பிடிஎஃப் ஆக, கொஞ்சம் வாட்ஸ்அப்பில் கோணலாக எடுத்த போட்டோவாக, மீதி டிரைவர் கையில் டிசியோடு (சரக்கோடு வரும் டெலிவரி சலான்) பின் அடித்து. அக்கவுண்ட்ஸில் இரண்டு பேர் உட்கார்ந்து அதை டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றுகிறார்கள். 14-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி (சப்ளையர்கள் தாக்கல் செய்ததை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் நம் கொள்முதல் பட்டியல்) வந்ததும், சப்ளையர்கள் காட்டியதும் நாம் ஏற்றியதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி, அதாவது அந்த மாத வரிக் கணக்கு, தாக்கல். 2பி-யில் வராத பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியை நாம் கட்டவேண்டிய வரியில் கழிப்பது) எடுக்க முடியாது என்பதால், விடுபட்ட ஒவ்வொரு பில்லும் கையிலிருந்து போகிற காசு.

"இதுக்கு ஒரு ஏஐ ஏஜென்ட் போட்டுடலாமே" என்று முதலாளி கேட்கிறார். கேட்கிற நேரத்தில் அவர் மனத்தில் இருப்பது ஒரு பொருள். ஆனால் சந்தையில் அந்தப் பெயரில் நான்கு வேறு வேறு பொருள்கள் விற்கின்றன. படம் வரைந்து இணைக்கும் தானியங்கிக் கருவி ஒன்று. நாமே எழுதும் நிரலில் ஓரிரு இடத்தில் மட்டும் ஏஐ மாடலை (சாட்ஜிபிடி போன்றவற்றின் உள்ளே இருப்பது) கூப்பிடுவது இரண்டு. மாடலிடமே டூல்களை, அதாவது தேட, படிக்க, எழுத அது கூப்பிடக்கூடிய சிறு நிரல்களை, கொடுத்து "நீயே பார்த்து முடி" என்று விடுவது மூன்று. பல ஏஜென்ட்களை ஒன்றின்கீழ் ஒன்றாக வேலை வாங்குவது நான்கு.

விலை, வசதி, மின்னும் டெமோ எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இவற்றைப் பிரிப்பது ஒரே கேள்விதான்: அடுத்த படி என்ன என்று யார் முடிவு செய்கிறார்கள்? 2024 டிசம்பரில் கிளாட் மாடலைச் செய்யும் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட ஒரு கட்டுரை இந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டது. பாதையை நிரல் முன்கூட்டியே வகுத்திருந்தால் அது ஒர்க்ஃப்ளோ. மாடலே பாதையைத் தேர்ந்துகொண்டு போனால் அது ஏஜென்ட். பில் வேலையில் இந்தக் கோடு நடுவில் ஓடுகிறது. ஒரு பில்லைப் படித்து, சரிபார்த்து, ஏற்றும் பாதை எல்லாருக்கும் தெரிந்த பாதை. 2பி-யில் ஒரு பில் ஏன் வரவில்லை என்று கண்டுபிடிக்கும் பாதை யாருக்கும் முன்கூட்டியே தெரியாது. என் முடிவு இதிலிருந்துதான் வருகிறது. முதல் பாதியில் ஏஜென்ட்டுக்கு வேலை இல்லை. இரண்டாம் பாதியில் உண்டு, அதுவும் கை கட்டப்பட்ட ஏஜென்ட்டுக்கு.

படம் வரையும் கருவிகள்

என்8என், மேக், சேப்பியர் மூன்றும் இந்த வகை. மின்னஞ்சல் வந்தால் இணைப்பை எடு, மாடலிடம் அனுப்பு, வருவதை ஷீட்டில் எழுது என்று பெட்டிகளைக் கோட்டால் இணைத்தால் போதும். ஒரு மதியத்தில் ஓடும் மாதிரி ஒன்று கையில் இருக்கும். நிரல் எழுத ஆளில்லாத நிறுவனத்துக்கு இது சின்ன விஷயமே இல்லை. அக்கவுண்ட்ஸில் இருப்பவரே திறந்து பார்த்து "ஓ, இங்கதான் நிக்குதா" என்று சொல்ல முடிகிறது.

காசுக் கணக்கில் ஒரு வித்தியாசம் கவனிக்க வேண்டியது. சேப்பியர் ஒவ்வொரு செயலையும் ஒரு டாஸ்க் என்று எண்ணுகிறது. என்8என் கிளவுட் முழு ஓட்டத்தையும் ஒன்றாக எண்ணுகிறது. ஒரு பில்லுக்குப் பத்துப் படி இருந்தால் இரண்டுக்கும் பில் வேறு மாதிரி வரும். என்8என்-ஐ நம் சொந்தச் சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம், நிறுவனத்தின் உள்வேலைக்குக் கட்டணம் இல்லை. வாங்கிய விலை, சப்ளையர் பட்டியல் இதெல்லாம் வெளியே போகக் கூடாது என்று நினைக்கிறவர்களுக்கு அந்த ஒரு காரணமே போதும்.

சிக்கல் ஆரம்பிப்பது விதிவிலக்குகளில். டையிங் பில்லில் எடை டிசி எடையோடு ஒத்துப்போகாது, ஏனென்றால் சாயம் போட்டு வரும்போது துணியின் எடை குறைந்திருக்கும், அதற்கொரு கிளை. லாரி வாடகைக்கு வரியை நாமே கட்டவேண்டிய முறை வரலாம், அதற்கொரு கிளை. கிரெடிட் நோட்டுக்கு (சப்ளையர் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) ஒன்று. இப்படிப் போனால் படம் திரைக்கு வெளியே வழிகிறது. போன மாதம் யார் எந்தக் கோட்டை மாற்றினார்கள் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதும், ஒரு மாற்றம் பழைய பில்களைக் கெடுக்கிறதா என்று சோதிப்பதும் இந்தக் கருவிகளில் சிரமம். மாதம் ஐம்பது பில், ஐந்தாறு சப்ளையர் என்றால் இங்கேயே நின்றுவிடலாம், மேலே படிக்கத் தேவையில்லை.

பாதை நிரலில், வாசிப்பு மாடலிடம்

இரண்டாவது வழியில் மாடலுக்கு ஒரே வேலை: படத்தைப் பார்த்து, குறிப்பிட்ட கட்டங்களை நிரப்பித் தருவது. மற்றதெல்லாம் சாதாரண நிரல்.

மாடலையே கூப்பிடாமல் எவ்வளவு முடியும் என்று முதலில் பார்க்க வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் மற்ற நிறுவனங்களுக்குப் போடும் பில்களை 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸாகத்தான், அதாவது அரசுத் தளத்தில் பதிந்துதான், போட வேண்டும். அந்த பில்லில் ஒரு கியூஆர் கட்டம் இருக்கும். அதற்குள் விற்பவர், வாங்குபவர் ஜிஎஸ்டி எண்கள், பில் எண், தேதி, மொத்தத் தொகை, எத்தனை ஐட்டங்கள், முதன்மை ஐட்டத்தின் எச்எஸ்என் (சரக்கு வகைக் குறியீடு), ஐஆர்என் (இ-இன்வாய்ஸின் பதிவு எண்) எல்லாம் மின்கையொப்பத்தோடு இருக்கின்றன. அதைப் படிக்க ஒரு சின்ன நிரல் போதும். தப்பாகப் படிக்கும் பேச்சே இல்லை. நூல் மில், பெரிய டையிங், கெமிக்கல் சப்ளையர் பெரும்பாலும் இந்த வரம்புக்கு மேலே இருப்பார்கள். அதாவது தொகை பெரிதாக இருக்கும் பில்களுக்கு ஏஐ இல்லாமலே தலைப்புப் பகுதி கிடைத்துவிடும். "ஏஐ ஆட்டோமேஷன்" விற்க வருகிறவர் யாராவது முதலில் இந்தக் கட்டத்தைப் பற்றிக் கேட்டால் அவரை நம்பலாம்.

கியூஆர் இல்லாதவை மாடலிடம் போகும். மாடல் தந்ததை அப்படியே நம்பக் கூடாது. சோதிக்கும் வழியும் பில்லுக்குள்ளேயே இருக்கிறது. ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான். கடைசி எழுத்து சரிபார்ப்பு எழுத்து. முந்தைய பதினான்கையும் வைத்துக் கணக்குப் போட்டால் அது வந்தாக வேண்டும். போட்டோவில் 8-ஐ பி என்று மாடல் படித்திருந்தால் இங்கேயே பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். பில் எண் 16 எழுத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. எழுத்து, எண், சிறுகோடு, சாய்கோடு தவிர வேறு வரக் கூடாது. வரிக்கு முந்தைய தொகையோடு வரியைக் கூட்டி ரவுண்ட் ஆஃபைச் சரிசெய்தால் மொத்தம் பைசா பிசகாமல் வர வேண்டும். இந்தக் கூட்டலை மாடலைச் செய்யச் சொல்வது தேவையில்லாத வம்பு. நிரல் கூட்டட்டும்.

வரி விகிதமும் அப்படித்தான். 2025 செப்டம்பர் 22-இல் விகிதங்கள் மாறின. 12, 28 என்றிருந்த பல பொருள்கள் 5, 18 பக்கம் போயின. சிமென்ட் 28-லிருந்து 18-க்கு வந்தது. அதற்கு முன் பயிற்சி முடிந்த மாடலிடம் "இந்த பில்லில் வரி சரியா?" என்று கேட்டால், சரியான 18-ஐத் தவறு என்று திருத்திக் கொடுக்கும் ஆபத்து உண்டு. விகிதம் தேதியோடு ஒரு அட்டவணையில் இருக்க வேண்டும். மாடலின் ஞாபகத்தில் இல்லை.

அடுத்தது ஒரே பில் இரண்டு முறை ஏறுவது. சப்ளையர் மின்னஞ்சலில் அனுப்புவார், நாம் போன் செய்து கேட்டால் வாட்ஸ்அப்பிலும் அனுப்புவார், காகிதமும் வந்து சேரும். விற்பவர் ஜிஎஸ்டி எண், பில் எண், நிதியாண்டு மூன்றையும் சேர்த்து ஒரு தனிச் சாவியாக வைத்துவிட்டால் இரண்டாவது தடவை தானாக நிற்கும். வலை அறுந்து பாதியில் நின்ற ஓட்டத்தை மறுபடி தொடங்குவதற்கும் இதே சாவிதான் காவல்.

இதற்கெல்லாம் பெரிய கட்டமைப்பு வேண்டுமா? லாங்கிராஃப் இருக்கிறது, ஓட்டத்தின் நிலையைப் படிக்குப் படி சேமித்து, நடுவில் மனிதர் ஒப்புதலுக்கு நிறுத்தி, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும். டெம்போரல் இருக்கிறது, ஊபர் நிறுவனத்தின் கேடன்ஸ் என்ற மென்பொருளிலிருந்து பிறந்தது, சர்வர் விழுந்தாலும் ஓட்டம் சாகாது, ஒப்புதலுக்காக நாள்கணக்கில் காத்திருக்கும். இரண்டும் நல்லவை. ஆனால் மாதம் சில நூறு பில்லுக்கு, ஒரு டேட்டாபேஸ் அட்டவணையில் "வந்தது, படித்தது, சரிபார்த்தது, பார்வைக்கு, ஏறியது" என்று நிலை எழுதும் ஒரு கட்டம் போதும். நின்ற பில் எது, எங்கே நிற்கிறது என்று ஒரே வரியில் கேட்டுவிடலாம். டேலிபிரைம் (டேலியின் இப்போதைய பதிப்பு) எக்ஸ்எம்எல் என்ற கோப்பு வடிவில் வவுச்சரை, அதாவது கணக்குப் பதிவை, வாங்கிக்கொள்ளும். வழக்கமாக 9000-ஆம் போர்ட்டில் காத்திருக்கும். கடைசிப் படிக்கு அதுவே வழி.

இந்த வழியின் குறை, எதிர்பாராததற்கு முன்னால் அசையாமல் நிற்கும் என்பது. நிரலில் எழுதாத காரணத்துக்காக ஒரு பில் நின்றால், அது மனிதர் கைக்குத்தான் வரும். பில் ஏற்றுவதில் எனக்கு இது குறையாகவே படவில்லை. புரியாததை ஏற்றாமல் நிற்பதுதான் கணக்குக்கு வேண்டிய குணம்.

மாடலே முடிவெடுக்கும் வழி

2023 மார்ச்சில் ஆட்டோஜிபிடி என்ற தானே ஓடும் ஏஜென்ட் வந்தபோது இலக்கை மட்டும் சொன்னால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும் என்று ஊரே பேசியது. பிறகு அது ஒரே தேடலை மறுபடி மறுபடி சுற்றிச் சுற்றிச் செய்வதைப் பார்த்து ஊர் ஓய்ந்தது. மாடல்கள் அன்றைக்கு இருந்ததைவிட எவ்வளவோ தேறிவிட்டன. இருந்தாலும் ஒரு எளிய பெருக்கல் மாறவில்லை. ஒவ்வொரு படியும் 95 சதவீதம் சரியாக வந்தால், இருபது படிகள் ஒன்றாகச் சரியாக வரும் வாய்ப்பு 36 சதவீதம்தான். படிக்கு 99 என்றால்கூட 82. இடையில் தவறைப் பிடித்துத் திருத்தும் வழி இருந்தால் இது மேம்படும், இல்லாவிட்டால் மேம்படாது.

இன்னொன்று, ஒரே வேலையைத் திரும்பக் கொடுத்தால் திரும்ப அதே விடை வருகிறதா என்பது. 2024-இல் சியரா நிறுவனம் வெளியிட்ட டௌ-பெஞ்ச் என்ற சோதனை இதைத்தான் அளந்தது. அப்போது முன்னணியில் இருந்த ஓபன்ஏஐயின் ஜிபிடி-4ஓ மாடல் பாதிக்கும் குறைவான வேலைகளையே முடித்தது. சில்லறை வணிகப் பிரிவில் ஒரே வேலையை எட்டு முறை கொடுத்து எட்டு முறையும் சரியாக வருவது 25 சதவீதத்துக்கும் கீழே போனது. அதற்குப் பிறகு எண்கள் ஏறியிருக்கின்றன. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதேதான்: ஒரு தடவை சரியாக வந்ததா என்பதல்ல, எட்டுத் தடவையும் வருமா என்பது. வரிசை மாறாத வேலையில் ஏஜென்ட்டைப் போட்டால் இந்த அலைச்சலை நாமே விலை கொடுத்து வாங்குகிறோம்.

அப்படியானால் எங்கே வேண்டும்? 14-ஆம் தேதி 2பி வந்த பிறகு. "சார், இந்த பில் 2பி-ல வரல" என்று அக்கவுண்ட்ஸில் சொன்னால் காரணம் பத்து இருக்கலாம். சப்ளையர் ஜிஎஸ்டிஆர்-1-ஐ (தன் விற்பனைப் பட்டியல்) 11-ஆம் தேதிக்குள் போடாமல் விட்டிருக்கலாம். காலாண்டு முறையில் இருக்கும் சின்ன சப்ளையராக இருந்து, 13-ஆம் தேதிக்குள் போடும் இடைக்கால வசதியைப் பயன்படுத்தாமல் இருக்கலாம். அப்படியென்றால் காலாண்டு முடிந்துதான் வரும், போன் செய்து சண்டை போட்டுப் பயனில்லை. பில் எண்ணை நாம் 0417/25-26 என்று ஏற்றி, அவர் 417 என்று காட்டியிருக்கலாம். நம் வேறொரு கிளையின் எண்ணில் போட்டிருக்கலாம். இரண்டு பில்லைச் சேர்த்து ஒன்றாகவோ, ஒன்றை இரண்டாகவோ காட்டியிருக்கலாம். கிரெடிட் நோட் கழித்த தொகையாக இருக்கலாம். ஒரு தடயம் அடுத்த தடயத்தைத் தருகிறது; எத்தனை படி போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அனுபவமுள்ள அக்கவுண்டன்ட் செய்வதும் இதைத்தான்: டேலியைத் திறந்து, மின்னஞ்சலைத் தேடி, பழைய மாத 2பி-யைப் பார்த்து, மனத்தில் ஒரு யூகத்தோடு அலைவது. அலைய வேண்டிய வேலைக்குத்தான் ஏஜென்ட்.

விலையிலும் இது நியாயமாக இருக்கிறது. எண் கூட்டி ஒத்துப்பார்க்கும் முதல் சுற்றை நிரல் முடித்துவிடும். ஒத்துவராமல் தங்கிய கொஞ்சம் பில்களுக்கு மட்டும் ஏஜென்ட் ஓடும். தவறினாலும் நஷ்டமில்லை, அது தருவது காரணமும் ஆதாரமும்தான், பதிவு இல்லை.

நான்காவது வழியை நீளமாகப் பேச வேண்டியதில்லை. பில் வாசிக்க ஒரு ஏஜென்ட், சரிபார்க்க ஒன்று, இரண்டையும் மேய்க்க ஒரு மேலாளர் ஏஜென்ட் என்று வரைந்த படங்கள் பார்க்க அழகு. 2025 ஜூனில் ஆந்த்ரோபிக் தன் ஆராய்ச்சி ஏஜென்ட் பற்றி எழுதியபோது, பல ஏஜென்ட் அமைப்பு சாதாரண உரையாடலைப்போல் ஏறக்குறைய 15 மடங்கு டோக்கன் (மாடல் எழுத்தை எண்ணும் துண்டு, காசும் அதற்குத்தான்) தின்கிறது என்று சொன்னது. ஒற்றை ஏஜென்ட்டுக்கு அது 4 மடங்கு. பரந்த தேடலைப் பல திசையில் ஒரே நேரத்தில் நடத்துவதற்கு அது பயன்பட்டது, அதையும் சொன்னார்கள். அதே மாதம் காக்னிஷன் நிறுவனம், ஒருவர் அறிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் போவதால் இந்த அமைப்புகள் உடைகின்றன என்று எதிர்த்து எழுதியது. இரண்டையும் படித்தால் முரணே இல்லை. ஒன்றையொன்று சாராத துண்டுகளாகப் பிரியும் வேலைக்கு அது ஆகும். ஒரு பில்லின் கதை அப்படிப் பிரியாது.

டூல்களில்தான் வேலை இருக்கிறது

எந்தக் கட்டமைப்பு என்று மாதக்கணக்கில் விவாதிப்பவர்கள், ஏஜென்ட் கையில் கொடுக்கும் டூல்களை அரை மணி நேரத்தில் எழுதி முடித்துவிடுகிறார்கள். தலைகீழாக இருக்க வேண்டும். 2024-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் செய்த எஸ்டபிள்யூஇ-ஏஜென்ட் என்ற, நிரல் திருத்தும் ஏஜென்ட் இதற்குச் சாட்சி. மாடலை மாற்றாமல், அது நிரல் கோப்பைப் பார்க்கும், திருத்தும் வழியை மட்டும் மாற்றினார்கள். கோப்பை மொத்தமாகக் கொட்டாமல் ஒரு தடவைக்கு 100 வரி காட்டினார்கள். இலக்கணப் பிழை உள்ள திருத்தத்தை டூலே ஏற்காமல் காரணத்தோடு திருப்பி அனுப்பியது. முடிவு கணிசமாக உயர்ந்தது.

நம் வேலையில் இதை ஒரு டூலை வைத்துக் காட்டுகிறேன். 2பி-யில் பில் தேடும் டூல். எல்லாரும் முதலில் எழுதும் வடிவம்: ஜிஎஸ்டி எண், பில் எண் கொடு, இருந்தால் வரும், இல்லாவிட்டால் "இல்லை" என்று வரும். "இல்லை" என்ற பதிலோடு மாடலால் செய்ய முடிவது இரண்டு. எண்ணை மாற்றி மாற்றித் தேடும். அல்லது "சப்ளையர் தாக்கல் செய்யவில்லை" என்று துணிந்து எழுதிவிடும். இரண்டாவது ஆபத்து, ஏனென்றால் படிப்பதற்கு நம்பும்படி இருக்கும்.

அதே டூலை வேறு மாதிரி எழுதலாம். கிடைக்காதபோது டூலே மூன்று இடத்தில் எட்டிப் பார்க்கட்டும்: பில் எண்ணில் பூஜ்யங்களையும் கோடுகளையும் கழித்துவிட்டு ஒரு முறை, அதே தொகை ஒரு ரூபாய் முன்பின்னாக ஒரு முறை, ஜிஎஸ்டி எண்ணுக்குள்ளேயே பான் இருப்பதால் அதே பான் கொண்ட வேறு மாநிலப் பதிவுகளில் ஒரு முறை. இப்போது வரும் பதில் இப்படி இருக்கும்: "33-இல் தொடங்கும் இந்தப் பதிவில் இல்லை. இதே பானுக்கு 29-இல் தொடங்கும் பதிவில் இதே தொகைக்கு ஒரு பில் உண்டு, வரி ஐஜிஎஸ்டி." 29 கர்நாடகா; ஐஜிஎஸ்டி வேறு மாநிலத்திலிருந்து வரும் சரக்குக்கான வரி. சப்ளையரின் பெங்களூரு கிளையிலிருந்து வந்த சரக்கை நாம் உள்ளூர் பில்லாக நினைத்து சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று ஏற்றியிருக்கிறோம் என்பது அந்த ஒரு வரியிலேயே விளங்கிவிடுகிறது. மாடல் புத்திசாலியாக வேண்டியதில்லை. டூல் நல்ல பதில் சொன்னால் போதும்.

இப்படி ஆறேழு டூல் போதும்: 2பி தேடல், டேலியில் பார்வை மட்டும், மின்னஞ்சல் தேடல், டிசி பதிவேடு, சப்ளையரின் பழைய தாக்கல் பழக்கம், கடைசியாக "அறிக்கை எழுது". நாற்பது டூலைக் கொட்டினால் விளக்கங்களே மாடலின் இடத்தை அடைத்துவிடும். ஒத்த பெயருள்ள இரண்டில் எதை எடுப்பது என்று அது குழம்பும். ஒரு டூல் திருப்பித் தரும் வரிசைகளுக்கும் வரம்பு வேண்டும். பத்துக்கு மேல் இருந்தால் "இன்னும் 60 உண்டு, தேதியைச் சுருக்கு" என்று சொல்ல வேண்டும்.

டூல்களை எம்சிபி (ஏஐ செயலிகளை டூல்களோடு இணைக்கும் பொது நெறிமுறை) வழியாகவா, நேரடியாகவா கொடுப்பது என்பதும் கேட்கப்படும். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட இந்த நெறிமுறையை அடுத்த ஆண்டே ஓபன்ஏஐ உட்பட மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். 2025 டிசம்பரில் அது லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் போயிற்று. ஒரே டூலை நம் நிரலும், ஆடிட்டர் திறக்கும் சாட் செயலியும், இன்னொரு மென்பொருளும் பயன்படுத்த வேண்டும் என்றால் எம்சிபி சரி. நம் ஒரே நிரல்தான் கூப்பிடும் என்றால் சாதாரண ஃபங்ஷனாக வைத்துக்கொள்வதே சுத்தம். பிறகு வேண்டுமானால் போர்த்திக்கொள்ளலாம்.

தமிழுக்கென்று ஒரு கணக்கு. ஜிபிடி-4ஓ வந்தபோது ஓபன்ஏஐ காட்டிய உதாரணத்தில் ஒரு சிறு தமிழ்ப் பத்தி 116 டோக்கனிலிருந்து 35-க்கு இறங்கியது. அதே பொருளுள்ள ஆங்கிலப் பத்திக்கு 24. முன்பு இருந்த பெரும் இடைவெளி சுருங்கிவிட்டது, மறையவில்லை. ஆகவே டூல் விளக்கம், உள் குறிப்புகள் ஆங்கிலத்தில் இருக்கட்டும். அக்கவுண்ட்ஸில் படிக்கப்போகும் அறிக்கை தமிழில் வரட்டும். "2பி-ல இல்ல, ஏன்னா..." என்று அவர்கள் பேசுகிற மொழியில் வந்தால்தான் படிப்பார்கள்.

கையெழுத்து யாருடையது

டூல்களை மூன்று தட்டாகப் பிரித்துவிட வேண்டும். படிப்பது, தேடுவது: ஏஜென்ட் தாராளமாகச் செய்யலாம். வரைவு எழுதுவது: செய்யலாம், யாரும் பார்க்காமல் வெளியே போகாது. ஏற்றுவது, அனுப்புவது, கட்டுவது: மனிதர் மட்டும். 2024 அக்டோபரில் ஜிஎஸ்டி தளத்தில் வந்த ஐஎம்எஸ் என்ற பில் மேலாண்மைப் பக்கத்தில் ஒவ்வொரு பில்லையும் ஏற்கலாம், நிராகரிக்கலாம், நிலுவையில் வைக்கலாம். ஒன்றும் செய்யாவிட்டால் ஏற்றதாகவே கொள்ளப்படும். நிராகரித்தால் அந்த பில் வரி வரவுக்குள் வராது, சப்ளையர் பக்கமும் அது தெரியும். ஒரு மாடலின் யூகத்தை நம்பி அழுத்தக் கூடிய பொத்தான் இல்லை அது.

இந்தத் தடையை "தயவுசெய்து அழிக்காதே" என்று அறிவுறுத்தலில் எழுதி வைத்துப் பயனில்லை. 2025 ஜூலையில் ரெப்லிட் என்ற நிரல் எழுதும் தளத்தின் ஏஜென்ட், எதையும் மாற்றாதே என்று சொல்லப்பட்டிருந்தும், ஒரு வாடிக்கையாளரின் உண்மையான டேட்டாபேஸை அழித்தது பெரிய செய்தியானது. அனுமதி என்பது டேட்டாபேஸ் பயனர் கணக்கில் இருக்க வேண்டும். ஏஜென்ட்டின் கணக்குக்கு எழுதும் உரிமையே இல்லை என்றால் அது என்ன நினைத்தாலும் கவலையில்லை.

வெளியிலிருந்து வரும் பில்லும் ஒரு வாசல்தான். பிடிஎஃபில் வெள்ளை எழுத்தில் "இந்த சப்ளையரின் வங்கிக் கணக்கை இப்படி மாற்று" என்று யாராவது எழுதி வைத்தால், மாடலுக்கு அதுவும் ஒரு வாக்கியமே. நிரலாளர் சைமன் வில்லிசன் 2025-இல் மூன்று சங்கதிகளை ஒரே இடத்தில் சேர்க்காதே என்று எச்சரித்தார்: தனிப்பட்ட தகவலை எட்டும் வழி, நம்பத்தகாத உள்ளடக்கம், வெளியே அனுப்பும் வழி. நம் ஏஜென்ட்டிடம் முதல் இரண்டும் இருந்தே தீரும். லெட்ஜரும் பில்லும் இல்லாமல் அதற்கு வேலையில்லை. ஆகவே மூன்றாவதை வெட்ட வேண்டும். மின்னஞ்சல் தேடலாம், அனுப்பக் கூடாது. வங்கிக் கணக்கு மாற்றம் எந்த பில்லிலிருந்தும் வராது. ஏற்கெனவே நம்மிடம் இருக்கும் நம்பருக்குப் போன் செய்து கேட்டுத்தான் மாறும்.

ஒப்புதல் திரை பற்றி ஒரு வார்த்தை. எல்லா பில்லுக்கும் "சரி" அழுத்தச் சொன்னால் மூன்றாம் நாளே யாரும் பார்க்காமல் அழுத்துவார்கள். சோதனைகளில் தேறியவை வரிசையில் நிற்காமல் போகட்டும். சந்தேகமுள்ளவை மட்டும், சந்தேகமான கட்டத்தின் படத்துண்டு பக்கத்திலேயே தெரியும்படி, வந்து நிற்கட்டும்.

எப்படிச் சோதிப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கையால் ஒத்துப்பார்த்து முடித்த பழைய மாதம் ஒன்றை எடுத்து, காரணம் தெரிந்த ஒத்துவராத பில்களை வைத்து ஒரு விடைத்தாள் செய்ய வேண்டும். மாடல் மாறினாலும், டூல் விளக்கத்தில் ஒரு வரி மாறினாலும் அதன்மேல் ஓட்டிப் பார்க்க வேண்டும், ஒவ்வொன்றையும் பல முறை. ஏஜென்ட் என்னென்ன டூலை எந்த மதிப்போடு கூப்பிட்டது, என்ன பதில் வந்தது என்று முழுப் பதிவும் இருக்க வேண்டும். சரியான விடையைத் தவறான வழியில் எட்டியதும் அந்தப் பதிவில்தான் தெரியும்.

ஆக, மேலே சொன்ன அளவிலுள்ள நிறுவனத்துக்கு நான் தேர்வது இரண்டாவது வழி. கியூஆர் முதலில், மாடல் பிறகு, சோதனைகள் நிரலில். அதன் ஓரத்தில் படிக்க மட்டும் உரிமையுள்ள ஒற்றை ஏஜென்ட் ஒன்று, 14-ஆம் தேதி இரவு ஓடி, காலையில் காரணப் பட்டியலை வைத்துவிட்டு நிற்கும். நிரல் எழுத ஆளே இல்லை, வைக்கவும் முடியாது என்றால் என்8என்; ஆனால் ஜிஎஸ்டி எண் சோதனையையும் தொகைக் கூட்டலையும் அதிலுள்ள நிரல் பெட்டியில் யாரிடமாவது எழுதி வாங்கிப் போடுங்கள். பல யூனிட், பல ஊர், ஒப்புதலுக்கு மூன்று நிலை என்று வளர்ந்தால் டெம்போரல் போன்றது அப்போது கணக்குக்கு வரும். தொடங்குவது எங்கே என்று கேட்டால், போன மாதம் ஒத்துவராத பில்களை எடுத்து ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணத்தை எழுதிப் பாருங்கள். முக்கால்வாசி "பில் எண் வேறு மாதிரி ஏறியிருக்கு" என்று வந்தால் உங்களுக்கு ஏஜென்ட்டே வேண்டாம். பில் எண்ணைச் சீராக்கும் பத்து வரி நிரல் போதும்.